மேல் பாதியில் மட்டும் பிசுபிசுப்பு

செங்கோட்டையில் சாரல் ஓய்ந்ததும், வெளுத்திருந்த தேக்கு வாசற்கதவுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசினேன். ஆறு நாளாகியும் விரல் ரேகை பதிந்தது. வெயிலுக்காகக் காத்திருந்தேன், மேலும் ஒரு பூச்சுக் கொடுத்தேன். இன்னும் மோசமானது.

பிறகுதான் கவனித்தேன்: சாரல் அடித்துச் சாம்பல் பூத்திருந்த கீழ்ப்பாதி நன்றாகக் காய்ந்திருந்தது. சன்ஷேடுக்கு அடியில் நனையாத மேல்பாதிதான் ஒட்டியது. அங்கே பழைய வார்னிஷ் கண்ணாடிபோல் மெல்லிய படலமாக மிச்சமிருந்தது. எண்ணெய் மரத்துக்குள் இறங்கவே இல்லை.

டர்பன்டைனால் துடைத்து, 120ஆம் எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகையோட்டத்திலேயே தேய்த்து வெறும் மரம் தெரியவைத்தேன். எண்ணெயில் சரிபாதி டர்பன்டைன் கலந்து பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். மூன்றாம் நாள் காய்ந்துவிட்டது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.