ஸ்காட்லாந்து கவுன்சில் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 மே மாதம் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கவுன்சிலுக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 23 இடங்கள். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு, அதாவது எஸ்.என்.பி.க்கு 8, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 7, தொழிற்கட்சிக்கு 6, பசுமைக் கட்சிக்கு 1, சுயேச்சைக்கு 1. இந்தப் பட்டியலைப் பார்க்கும் எவரும் எஸ்.என்.பி. வென்றது என்றே சொல்வார்கள். ஆனால் கவுன்சில் கூடியபோது நிர்வாகம் அமைத்தது மூன்றாம் இடத்தில் இருந்த தொழிற்கட்சி. கன்சர்வேட்டிவ் கவுன்சிலர்களின் ஆதரவு அதற்குக் கிடைத்தது.

இதில் மோசடி எதுவும் இல்லை, விதி மீறலும் இல்லை. ஒரு வார்டில் ஒருவர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி, அதிக இடம் பிடித்த கட்சி ஆட்சி என்ற பழக்கப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்து முடிவுகளைப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. அங்கே வசிக்கும் தமிழர்கள் பலருக்கு இந்தத் தேர்தலில் வாக்குரிமை உண்டு. பள்ளிக்கூடம், சாலை, குப்பை, முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுன்சிலின் கையில்தான் இருக்கின்றன. அடுத்த தேர்தல் 2027 மே மாதம் வருகிறது. முடிவுகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

பெரிய கட்சிதான் ஆளும் என்று முடிவுகட்டுவது

ஸ்டர்லிங்கில் நடந்தது விதிவிலக்கு அல்ல. அதே 2022 தேர்தலில் தலைநகர் எடின்பரோவில் 63 இடங்களில் எஸ்.என்.பி. 19 பிடித்து முதலிடத்தில் இருந்தது. நிர்வாகம் 13 இடங்கள் மட்டுமே வைத்திருந்த தொழிற்கட்சிக்குப் போனது. ஃபைஃப் கவுன்சிலில் 75-இல் எஸ்.என்.பி.க்கு 34, தொழிற்கட்சிக்கு 20. அங்கேயும் தொழிற்கட்சியே பொறுப்பேற்றது. இரண்டு இடங்களிலும் கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கவுன்சிலர்களின் ஆதரவு அதற்குத் துணையாக இருந்தது.

காரணம் எளிது. கவுன்சிலின் தலைவரைக் கவுன்சிலர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 23 பேரில் எட்டுப் பேர் ஒரு பக்கம் என்றால் மீதிப் பதினைந்து பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா, பிரிட்டனோடு இருக்க வேண்டுமா என்ற பிளவு இதன் பின்னால் நிற்கிறது. எஸ்.என்.பி.யும் பசுமைக் கட்சியும் ஒரு கரையில்; தொழிற்கட்சி, கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் மூன்றும் எதிர்க்கரையில். ஸ்டர்லிங்கில் இந்தக் கூட்டுக் கணக்கு புதிதும் அல்ல. 2012-இல் 22 இடங்களில் 9 பெற்று எஸ்.என்.பி. முன்னணியில் இருந்தபோதும் தொழிற்கட்சியும் கன்சர்வேட்டிவ் கட்சியும் சேர்ந்தே நிர்வாகம் அமைத்தன. 2017-இல் கதை மாறியது. எஸ்.என்.பி.யும் கன்சர்வேட்டிவ் கட்சியும் தலா 9 இடங்களில் நிற்க, 4 இடங்களே பெற்ற தொழிற்கட்சி இம்முறை எஸ்.என்.பி.யோடு கைகோத்தது.

"மக்கள் தீர்ப்பைத் திருடிவிட்டார்கள்" என்று தோற்ற தரப்பு கூவுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு இடம் என்பது ஆளும் உரிமை ஆகிவிடாது. ஆனால் என் மனக்குறை வேறு: யாரை ஆதரிப்போம், யாரோடு சேர மாட்டோம் என்பதைக் கட்சிகள் வாக்குப்பதிவுக்கு முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். 2022-இல் ஸ்காட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் அனஸ் சர்வார் கூட்டணி நிர்வாகம் கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்தார். கூட்டணி அமைக்கவில்லை, உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து வந்த ஆதரவு அந்த அறிவிப்பில் அடங்கவில்லை. வாக்காளருக்கு இது போதாது.

யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்ற செய்தியைக் கண்டு பதறுவதும் இதே தவறின் மறுபக்கம். மொத்தம் 32 கவுன்சில்களில் 2022-இல் ஒரு கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது இரண்டில்தான்: டண்டீயில் 29-க்கு 15 என எஸ்.என்.பி., மேற்கு டன்பார்டன்ஷயரில் 22-க்கு 12 என தொழிற்கட்சி. பெரும்பான்மை இல்லாமல் இருப்பதுதான் அங்கே இயல்பு நிலை.

முதல் விருப்ப வாக்கோடு நின்றுவிடுவது

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஸ்டர்லிங்கில் ஏழு வார்டுகள். டன்பிளேன்–பிரிட்ஜ் ஆஃப் ஆலன், ஸ்டர்லிங் வடக்கு ஆகிய இரண்டிலும் தலா நான்கு கவுன்சிலர்கள், மற்ற ஐந்தில் தலா மூவர். வாக்காளர் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி எண் இடுகிறார். எத்தனை பேருக்கும் இடலாம், ஒன்றோடு நிறுத்தியும் கொள்ளலாம். இது ஒற்றை மாற்று வாக்கு முறை. இந்திய மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பதும் இந்த அடிப்படையில்தான். தமிழ்நாட்டில் ஆறு இடங்கள் காலியானால் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை என்று செய்தித்தாள்கள் எழுதுவது நினைவிருக்கலாம். அதே கணக்கை ஒரு வார்டு மக்கள் முழுவதற்கும் விரித்தால் ஸ்காட்லாந்து முறை வந்துவிடும்.

நான்கு இடங்கள் உள்ள ஒரு வார்டில் 8,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 1,600. அதோடு ஒன்றைச் சேர்த்தால் 1,601. இதுதான் வெற்றி வரம்பு. ஐந்து பேர் இந்த வரம்பை எட்ட வேண்டுமானால் 8,005 வாக்குகள் வேண்டும், அது முடியாது. ஆகவே நான்கு பேருக்கு மேல் யாரும் எட்ட முடியாது.

ஒரு வேட்பாளர் முதல் விருப்பமாக 2,401 பெறுகிறார். அவர் தேர்வாகிவிட்டார், 800 வாக்குகள் உபரி. கடைசியாக எண்ணிய 800 சீட்டுகளை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. அவருடைய 2,401 சீட்டுகளும் கணக்கில் வருகின்றன. 800-ஐ 2,401-ஆல் வகுத்து ஒவ்வொரு சீட்டுக்கும் 0.33319 என்ற மதிப்பு தரப்படுகிறது. இவற்றில் 1,200 சீட்டுகளில் அடுத்த விருப்பமாக அதே கட்சியின் இரண்டாவது வேட்பாளர் இருந்தால், அவருக்கு ஏறக்குறைய 400 வாக்குகள் சேரும். முதல் விருப்பமாக 1,250 மட்டுமே பெற்றிருந்த அவர் 1,650-ஐ நெருங்கி வரம்பைத் தாண்டிவிடுவார். 1,400 பெற்று அவருக்கு மேலே இருந்த வேறு கட்சிக்காரர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார். முதல் விருப்பப் பட்டியலை மட்டும் வெளியிடும் செய்தியைப் படித்தவருக்கு இது அநியாயமாகத் தெரியும். முழுச் சுற்றுகளையும் பார்த்தால்தான் நியாயம் புரியும்.

உபரி தீர்ந்த பிறகு கடைசியில் இருப்பவர் நீக்கப்படுவார், அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். அடுத்த விருப்பம் எழுதாத சீட்டுகள் அத்தோடு நின்றுவிடும். இதனால் கடைசி இடத்துக்கு வருபவர் வரம்பை எட்டாமலேயே தேர்வாகலாம். அது அரைகுறை வெற்றி அல்ல. முதல் சுற்றில் வந்தவரும் கடைசிச் சுற்றில் வந்தவரும் கவுன்சிலில் சமம். வார்டில் யாருடைய வீட்டுக்கு முன் சாலை உடைந்திருந்தாலும் மூவரில் அல்லது நால்வரில் எவரிடமும் போய் முறையிடலாம்.

இரண்டாவது விருப்பம் எழுதினால் முதல் ஆள் பாதிக்கப்படுவார் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. ஆதாரமில்லாத பயம். முதல் ஆள் தேர்வான பிறகோ நீக்கப்பட்ட பிறகோதான் அடுத்த எண்ணையே பார்க்கிறார்கள்.

இன்னொன்று கவனத்துக்குரியது. இதுவரை வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில்தான் அச்சாகி வந்திருக்கின்றன. ஒரே கட்சி இருவரை நிறுத்தினால் வரிசையில் மேலே இருப்பவருக்கே பெரும்பாலும் அதிக முதல் விருப்பம் விழுகிறது. கட்சி ஆதரவாளர்கள் சீட்டை மேலிருந்து கீழாகப் படித்து எண் இடுவதே காரணம். ஆகவே இரண்டாமவர் தோற்றால் அவருக்குச் செல்வாக்கு இல்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது.

பழைய முடிவோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடுவது

1975 முதல் 1996 வரை ஸ்காட்லாந்தில் இரண்டு அடுக்கு உள்ளாட்சி இருந்தது. ஸ்டர்லிங் அப்போது சென்ட்ரல் என்ற மண்டலத்துக்குள் அடங்கிய ஒரு மாவட்டம். வீட்டுவசதியும் குப்பையும் மாவட்டத்திடம். பள்ளிகள், சாலைகள், சமூகப் பணி மண்டலத்திடம். 1996-இல் இரண்டும் ஒழிந்து, எல்லாப் பொறுப்பும் உள்ள ஒற்றை அடுக்குக் கவுன்சில்கள் வந்தன. எனவே 1992 மாவட்டத் தேர்தலின் இடக்கணக்கை இன்றைய கவுன்சிலோடு வைத்து வளர்ச்சி, வீழ்ச்சி பேசுவதில் பொருளில்லை.

2007 அதைவிடப் பெரிய முறிவு. அதற்கு முன் வார்டுக்கு ஒருவர் என்ற முறை. 2003-இல் கிளாஸ்கோவில் தொழிற்கட்சி பாதிக்கும் குறைவான வாக்கில் 79-இல் 71 இடங்களை அள்ளியது. 2007-இல் மாற்று வாக்கு முறை வந்ததும் 45 ஆனது. 26 இடங்கள் போனதைப் பார்த்து மக்கள் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டார்கள் என்று படிப்பது தவறு. முறை மாறியதே இந்த இறக்கத்தின் பெரும்பகுதிக்குக் காரணம். ஸ்டர்லிங்கிலும் 2017-இல் வார்டு எல்லைகள் மாறி 22 இடங்கள் 23 ஆயின. ஓர் இடம் கூடியது, குறைந்தது என்று எழுதும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

இடைத்தேர்தல் முடிவைப் பெரிதாக்குவது

மூன்று இடங்கள் உள்ள வார்டில் ஒரு கவுன்சிலர் இறந்தாலோ விலகினாலோ அந்த ஓர் இடத்துக்கு வார்டு முழுவதும் வாக்களிக்கிறது. முழுக் கவுன்சில் தேர்தலில் வார்டில் மூன்றாவதாக வந்த கட்சியின் இடம் காலியானால், வார்டில் முதலிடத்தில் இருக்கும் கட்சிக்கே அதைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். யாருடைய மனமும் மாறாமலேயே இடம் கைமாறும். மறுநாள் வெளிவரும் அறிக்கைகளில் "எதிரியிடமிருந்து பறித்தோம்" என்ற முழக்கம் இருக்கும். முந்தைய தேர்தலில் அந்த வார்டில் எந்தக் கட்சி எவ்வளவு முதல் விருப்ப வாக்கு பெற்றது என்று எடுத்து வைத்துப் பார்த்தால்தான் உண்மையான ஏற்றமா என்பது தெரியும்.

சிறிய சறுக்கல்கள் சில

ப்ரவோஸ்ட் என்பவரை ஆளும் மேயர் என்று எழுதுகிறார்கள். அவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர், விழாக்களில் ஊரின் முகம். அரசியல் அதிகாரம் கவுன்சில் தலைவரிடம். ஸ்காட்லாந்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரே கிடையாது. சுயேச்சைகளை ஒரே கட்சியாகக் கூட்டுவதும் கூடாது. ஹைலேண்ட் கவுன்சிலில் 2022-இல் 74 பேரில் 21 பேர் சுயேச்சைகள். அத்தனை பேரும் ஒரே சிந்தனை கொண்டவர்கள் அல்ல. வாக்குப்பதிவு வியாழக்கிழமை, எண்ணிக்கை வெள்ளிக்கிழமை பகலில். ஆகவே இங்கிலாந்து முடிவுகள் வரும் இரவில் ஸ்காட்லாந்து முடிவு வரவில்லையே என்று ஊகம் பரப்ப வேண்டியதில்லை.

கவுன்சில் முடிவை விடுதலைக்கான பொதுவாக்கெடுப்பாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். 2022-இல் ஸ்காட்லாந்து முழுவதும் வாக்களித்தவர்கள் 44.8 சதவீதம். அவர்களில் பலர் தங்கள் ஊர்ப் பள்ளியையும் பஸ் வசதியையும் மனத்தில் வைத்தே எண் இட்டிருப்பார்கள்.

குடியுரிமை இல்லாவிட்டால் வாக்கு இல்லை என்று எண்ணி ஒதுங்குவதைத்தான் நான் எல்லாவற்றையும்விட இழப்பாகக் கருதுகிறேன். சட்டப்படி ஸ்காட்லாந்தில் வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் 16 வயது நிரம்பியிருந்தால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கவுன்சில் தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டைகூடக் கேட்பதில்லை.