ஆய்வகம் இல்லாத படிப்பு: நடுவயதில் மேற்படிப்புக்குத் திரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ், வரலாறு, மெய்யியல் போன்ற துறைகளில் முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ நாற்பதை ஒட்டிய வயதில் திரும்பி வருகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின் விட்ட படிப்பைத் தொடரும் பெண்கள் எனப் பலர். இவர்களில் பாதியில் நின்றுபோகிறவர்களுக்கு அறிவு போதாமல் போவதில்லை. படிப்புக்கு அன்றாடத்தில் ஓர் இடம் அமையாமல் போகிறது. வேதியியல் மாணவர் ஆய்வகத்துக்குக் கிளம்பினால் வேலைக்குப் போகிறார் என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். இலக்கியம் படிப்பவரோ கூடத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறார். அது வேலை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பல சமயம் அவருக்கே தோன்றுவதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மிச்சமான நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. அலுவலகம், சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து இரவு பத்தரை மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையில் ஒரு பத்தி நகராது. இந்தத் துறைகளின் படிப்புக்குத் தேவையானது நேரம் மட்டுமன்று, தெளிவாக இருக்கும் நேரம். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை என்றால் ஐந்திலிருந்து ஆறரை வரைதான். அதை வீட்டில் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ‘சும்மா படித்துக்கொண்டுதானே இருக்கிறாய், சிலிண்டர் வருகிறதா பார்’ என்ற குரல் முதல் மாதத்தில் நிற்காது. கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம்; ஆறரைக்கு வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். வீடு மெதுவாகத்தான் பழகும், ஆனால் பழகும்.

பழகாத வீடுகளும் உண்டு. குறிப்பாகப் பெண்களுக்கு, வீட்டுக்குள் இருந்துகொண்டே ‘இப்போது நான் இல்லை’ என்று சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம். அவர்கள் வாரத்தில் இரண்டு அரை நாளாவது வீட்டைவிட்டு வெளியே போய்ப் படிப்பது நல்லது. மாவட்ட மைய நூலகத்தில் மேசையும் மின்விசிறியும் இருந்தால் போதும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரை யாரும் சும்மா இருப்பவர் என்று சொல்வதில்லை.

அடுத்தது, பழைய விதிகளை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுவது. நீங்கள் 2005இல் படித்தபோது இருந்த வழி இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்.) பட்டம் போய்விட்டது; முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால் நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வசதி வரம்புக்கு உட்பட்ட பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பகுதிநேரமாகவும் செய்யலாம், ஆனால் பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். அந்தத் தாள் மேலதிகாரியின் மேசையில் எத்தனை வாரம் கிடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சேர்க்கை அறிவிப்பு வருமுன்பே சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகம் ஆறு ஆண்டுகள், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண்களுக்கு 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. இந்த உரிமையைக் கேட்கத் தயங்கிப் படிப்பையே விட்டுவிடும் பெண்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பண விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கிடைக்கும் உதவித்தொகையான இளநிலை ஆய்வு நல்கை (ஜே.ஆர்.எஃப்.) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று கேட்டதும் வேலையை விட்டுவிடலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். அதற்கான நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை எழுத வயது வரம்பு இல்லை, நல்கைக்கு இருக்கிறது. பொதுப் பிரிவு ஆண்களுக்கு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு. முப்பத்தெட்டு வயதில் தேர்வு எழுதினால் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்கலாம், நல்கை கிடைக்காது. பகுதிநேரமாகத் தொடங்கி, ‘கோர்ஸ் ஒர்க்’ என்று எல்லோரும் சொல்லும் பாடத்தாள்களை முடித்து, முதல் இயலையாவது எழுதிப் பார்த்த பிறகு வேலையைப் பற்றி முடிவெடுங்கள். அதற்கு முன் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் பலர் புகழை மட்டும் பார்க்கிறார்கள். பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் நெறிப்படுத்த முடியாது. ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. ஆகவே இடம் காலியாக இருக்கிறதா, எப்போது ஓய்வுபெறுகிறார் என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம்; அதில் தவறில்லை. நெறியாளர் உங்களைவிடப் பத்து வயது இளையவராகவும் இருக்கலாம். இருபது ஆண்டுகள் வகுப்பெடுத்த ஆசிரியர் ஒருவருக்கு, முப்பத்தைந்து வயதுக்காரர் தன் பக்கங்களில் சிவப்பு மையால் அடிப்பதைப் பார்ப்பது கடினம். வயதை வைத்து அந்தத் திருத்தங்களை மறுத்தால் ஆய்வேடுதான் கெடும். ‘ஐயா’ என்றோ ‘அம்மா’ என்றோ மற்ற மாணவர்களைப் போலவே அழைத்துப் பழகிவிட்டால் இருவருக்குமே சங்கடம் குறையும்.

கல்லூரிக் காலத்துக் குறிப்பேடுகளை நம்புவதும் ஆபத்து. வகுப்பில் மனப்பாடம் செய்த தமிழக வரலாற்றுக் காலவரிசை பின்னுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. கீழடியின் அடுக்குகளில் ஒன்று கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை குறித்த அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பை கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோகிறது. இவற்றை ஏற்பதா, கேள்வி கேட்பதா என்பது உங்கள் ஆய்வின் வேலை. தெரியாமல் இருப்பது மட்டும் கூடாது. தலைப்பைப் பதிவு செய்யுமுன் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் அதே தலைப்பில் என்னென்ன ஆய்வேடுகள் வந்திருக்கின்றன என்று ஒரு வாரம் தேடுங்கள். ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’ போன்ற தலைப்பை அதன் பிறகு நீங்களே கைவிட்டுவிடுவீர்கள்.

மூலங்களைத் தேடிப் பயணம் போகும்போது நடக்கும் தவறுகளைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையில் இருப்பவருக்கு ஒரு நாள் விடுப்பு என்பது பெரிய செலவு. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம். தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால். எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பஸ் ஏறினால் அட்டவணையைப் பார்ப்பதிலேயே பகல் போய்விடும். துறைத் தலைவரின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை நகல், பென்சில் ஆகிய மூன்றும் பையில் இருக்கட்டும். வேலை நாளா, எத்தனை மணி வரை நூல் எடுத்துத் தருவார்கள் என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் நூலுக்காக மதுரையிலிருந்து சென்னை போகிறவர்களும் உண்டு.

நூல் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் கைப்பேசியில் இருநூறு படம் எடுத்துவிட்டு, முகப்புப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மேற்கோள் எழுத உட்காரும்போது அது எந்தப் பதிப்பு என்று தெரியாது. புறநானூறு என்று மட்டும் எழுதினால் ஆய்வில் செல்லாது, உ.வே.சா. 1894இல் பதிப்பித்ததா, பின்னால் வந்த உரைப் பதிப்பா என்று சொல்லியாக வேண்டும், பதிப்புக்குப் பதிப்பு பாட வேறுபாடு, அதாவது சொல் மாற்றம், இருக்கும். முகப்பு, பதிப்பு விவரம் உள்ள பக்கம், பிறகு உள்ளடக்கம் என்ற வரிசையில் படமெடுத்து, அன்று இரவே நூல் பெயரில் ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பு குறிப்பே இல்லை.

தட்டச்சு பற்றி ஒன்றே ஒன்று. கணினி மையத்தில் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். வேறு கணினியில் திறந்தால் கட்டங்கட்டமாகத் தெரியும். தமிழக அரசே 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்களே ஒருங்குறியில் அடிக்கப் பழகிக்கொண்டால் செலவும் மிச்சம், திருத்தமும் உங்கள் கையில். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற 2018ஆம் ஆண்டு விதியையும் கடைசி வாரத்தில் அல்ல, முதல் இயலிலேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருப்பது நடுவயது மாணவர்களின் தனிப்பட்ட நோய். வயதான பிறகு அரைகுறையாக எழுதிக் காட்ட வெட்கம் வந்துவிடுகிறது. படிக்க வேண்டியது ஒருநாளும் தீராது. ஒவ்வொரு பருவத்திலும் டாக்டோரல் கமிட்டி எனப்படும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது; பலர் அதைச் சடங்காக நடத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பதினைந்து பக்கமாவது எழுதி, இரண்டு வாரம் முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்பி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் உடன் படிக்கும் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளிடமும் அதே பக்கங்களைக் கொடுங்கள். அண்ணா, அக்கா என்று அழைத்துக்கொண்டே அவர்கள் கேட்கும் கேள்விகள், குழுவில் யாரும் கேட்காதவையாக இருக்கும்.