கொண்டக்ட்: எந்த இடத்தில் அழுத்துவது?

பாடசாலை விடுகைப் பத்திரத்தில் 'கொண்டக்ட்' (conduct) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'குட்' என்று எழுதித் தருவார்கள். அங்கே 'கொண்டக்ட்' என்றால் நடத்தை. வினையாக வந்தால் நடத்துவது: கூட்டம், பரீட்சை, இசைக்குழு. ஹட்டன் பஸ்ஸில் டிக்கெட் தரும் கண்டக்டர் இந்த வினையிலிருந்து வந்தவர்தான். விஞ்ஞானப் பாடத்தில் செம்பு மின்சாரத்தைக் கடத்துவதற்கும் இதே சொல்.

தோட்டத்திலிருந்து நேர்முகப் பரீட்சைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். நடத்தை என்றால் முதல் அசையை அழுத்துங்கள்: 'கொண்'டக்ட். நடத்துவது என்றால் அழுத்தம் பின்னால்: கன்'டக்ட்', முன்னசை தேய்ந்துவிடும். நடத்தைக்குப் பன்மை இல்லை, கடைசியில் 'ஸ்' வேண்டாம். 'அவர் நன்றாக நடந்துகொண்டார்' என்பதற்கு 'ஹி கன்டக்டட் ஹிம்செல்ஃப் வெல்'. இதில் 'ஹிம்செல்ஃப்' விடுபட்டால் அந்தப் பொருள் வராது.