பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: என் அனுபவம்

எங்கள் வாசகர் வட்டத்தின் இணையதளப் பொறுப்பை நான் ஏற்றபோது, பழைய பக்கங்கள் அனைத்தும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தமையால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசிகளில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிந்தன. தேடுபொறியிலும் ஒரு சொல்கூட அகப்படவில்லை. எழுத்துரு மாற்றியின் துணையுடன் எல்லாவற்றையும், தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட உலகப் பொதுமுறையான யூனிகோடுக்கு மாற்றினேன். ஆனால் இடையிடையே இருந்த மின்னஞ்சல் முகவரிகளையும் ஆங்கிலப் பெயர்களையும் அது பொருளற்ற தமிழெழுத்துகளாக்கிவிட்டதால், அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த இரண்டு வாரங்கள் பிடித்தன (இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை). வரி இடைவெளியை எழுத்தளவின் 1.2 மடங்கிலிருந்து 1.7 மடங்காக உயர்த்திய பிறகே, 'கீ'யின் மேற்சுழி முந்தைய வரியை இடிக்காமல் நின்றது. கூட்ட நேரம் ஐந்து பக்கங்களில் ஐந்து விதமாக இருந்ததால், அதை ஒரே கோப்பில் வைத்து எல்லாப் பக்கங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளச் செய்தேன். 'அடுத்த வாரம்' என்றிருந்த இடங்களில் முழுத் தேதியை இட்டேன்.