கட்டைவிரல் முதலில், மெட்டு பிறகு

ஃபிங்கர்ஸ்டைல் கிட்டாரில், அதாவது விரல்களாலேயே கம்பிகளை மீட்டும் பாணியில், ‘ஃப்ரெய்ட் டிரெயின்’ பாட்டைக் கற்பவர்கள் பலர் முதல் நாளே மெட்டைத் தேடிப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான். இந்த அமெரிக்க நாட்டுப்பாடலின் உயிர், பாஸ் கம்பிகளில் (தாழ்ந்த ஒலி தரும் தடித்த கம்பிகளில்) ஓடும் ரயில் தாளம். ஒரு வாரம் மெட்டைத் தொடாதீர்கள். சி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) பிடித்து, கட்டைவிரலால் 5ஆவது, 4ஆவது கம்பிகளை மாற்றி மாற்றி மீட்டுங்கள். ஜி கார்டுக்கு 6, 4. வேகத்துக்கு மெட்ரோனோம் என்ற தாளக் கருவியில் நிமிடத்துக்கு 60 தட்டு போதும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வாசிக்க முடிந்தால் கட்டைவிரல் தயார்.

அப்புறம் பாஸோடு சேர்ந்து விழும் மெட்டு ஸ்வரங்களை மட்டும் சேருங்கள். இரண்டு பாஸுக்கு நடுவே விழுபவை கடைசியில். இ7 கார்டிலிருந்து எஃப் கார்டுக்கு மாறும் இடத்தில் கை தடுமாறும். அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்து இருபது தடவை வாசியுங்கள்.

இதை இயற்றிய எலிசபெத் காட்டன் இடக்கைக்காரர். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரையே திருப்பிப் பிடித்து, பாஸை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தவர். எவ்வளவு அழகான பிடிவாதம்! 1958இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டில் இந்தப் பாட்டு இருக்கிறது. பயிற்சிக்கு முன் தினமும் ஒருமுறை, பாஸை மட்டும் காதால் பின்தொடர்ந்து கேளுங்கள்.