புதிய பதிப்பு, பழைய நெட்வொர்க்: ஐபி சேவை மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐபி சேவைகளைத் திறந்துவிடவும் பராமரிக்கவும் பயன்படும் மென்பொருள்களில் இப்போது வரும் ஒவ்வொரு பதிப்பும் கிட்டத்தட்ட ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறது: டிரை ரன் (மாற்றத்தைச் செய்யாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டுவது), தானாக நடக்கும் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது), ரவுட்டரோடு தானே சிங்க் ஆவது, வரிசையில் போட்டுப் பின்னணியில் ஓடும் கமிட் (மாற்றத்தை ரவுட்டரில் அமல்படுத்துவது), ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி (ரவுட்டர் தன் நிலையைத் தொடர்ந்து அனுப்புவது), ஐபி முகவரியைத் தானே ஒதுக்குவது. எல்லாமே உருப்படியான வசதிகள். சிக்கல் வருவது வேறு இடத்தில். நெட்வொர்க் இப்படி இருக்கிறது என்று மென்பொருளின் டேட்டாபேஸ் ஒன்று சொல்லும். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் வேறொன்று இருக்கும். இரண்டில் எதை நம்புவது என்று முடிவு செய்யாமலே புது வசதியை ஆன் செய்துவிடுகிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சிங்க் எந்தத் திசையில்?

கமாண்ட் லைனில் யாருமே கை வைக்காத நெட்வொர்க் எனக்குத் தெரிந்து கிடையாது. நள்ளிரவில் ஒரு வாடிக்கையாளரின் லிங்க் விழுகிறது. டியூட்டியில் இருப்பவர் ரவுட்டருக்குள் நேரே போய், பேக்கப் லிங்க் வழியாக ஒரு ஸ்டேடிக் ரூட் (கையால் நிலையாக எழுதும் பாதை) போட்டு சேவையை மீட்கிறார். அந்த நேரத்தில் அதுதான் சரியான வேலை. ஆனால் அந்த ரூட் இருப்பது மென்பொருளுக்குத் தெரியாது.

இந்த நிலையில் ‘தானியங்கி சிங்க்’ வசதியை ஆன் செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும். டேட்டாபேஸில் இருப்பதை ரவுட்டர் மேல் தள்ளும்படி வைத்திருந்தால், ராத்திரி போட்ட ரூட் காலையில் காணாமல் போகும். ரவுட்டரில் இருப்பதை டேட்டாபேஸுக்குள் இழுக்கும்படி வைத்திருந்தால் அந்த ரூட் பிழைக்கும். கூடவே எவரோ தப்பாகப் போட்ட ஏசிஎல் (எந்த டிராஃபிக்கை விடலாம் என்ற பட்டியல்), சோதனைக்குப் போட்டு மறந்துபோன டனல் எல்லாம் ‘சரியான கான்ஃபிக்’ (ரவுட்டரின் அமைப்பு) என்ற முத்திரையோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டுமே ஆபத்துதான், இரண்டாவது சத்தமில்லாமல் வரும் ஆபத்து.

எனவே முதல் சில வாரங்களுக்கு அந்த வசதியை வெறும் அறிக்கை தரும் நிலையில் மட்டும் ஓடவிடுங்கள். எந்த ரவுட்டரில் எந்தப் பகுதி மாறுபடுகிறது என்று தினமும் பட்டியல் வரட்டும். அதைப் பார்த்த பிறகு பகுதிவாரியாக உரிமையைப் பிரியுங்கள். வாடிக்கையாளரின் விஆர்எஃப் (அவருக்கெனத் தனியாக வைக்கும் ரூட் அட்டவணை), இன்டர்ஃபேஸ், பாலிசர் (வேக வரம்பு) ஆகியவை மென்பொருளுக்குச் சொந்தம், அங்கே கையால் மாற்றினால் அழிந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோர் ரூட்டிங் (நெட்வொர்க்கின் மையப் பாதைகள்) இப்போதைக்கு மனிதர்களிடமே இருக்கட்டும். ராத்திரி அவசரத்துக்குக் கையால் போட்டதை மறுநாள் மென்பொருளில் பதிவு செய்யவும் ஒரு வழி வேண்டும். அந்த வழி நீளமான படிவமாக இருந்தால் யாரும் பதிய மாட்டார்கள், இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளை மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது நடப்பது. புதிதாக உருவாக்கும் சேவையில் எந்த வரி யாருடையது என்ற குழப்பமே இல்லை. பழைய சேவையைத் ‘தத்தெடுக்கும்’ வசதியைப் பயன்படுத்தும்போது, ரவுட்டரில் முன்பே இருந்த வரிகளையும் மென்பொருள் தன் பெயரில் எழுதிக்கொள்ளலாம். ஒரே கியூஓஎஸ் பாலிசியை (எந்த டிராஃபிக்குக்கு முன்னுரிமை என்ற விதி) இரண்டு வாடிக்கையாளர்களின் இன்டர்ஃபேஸ்கள் பகிர்ந்துகொள்கின்றன, அதில் ஒருவரை மட்டும் தத்தெடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் சேவையை நிறுத்துகிறார், நீங்கள் டெலீட் கொடுக்கிறீர்கள். அந்த பாலிசி தனக்கு மட்டும் சொந்தம் என்று மென்பொருள் நினைத்திருந்தால், பாலிசியையும் சேர்த்து அழிக்கப் பார்க்கும். ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று ரவுட்டர் மறுத்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். மறுக்காத ரவுட்டர்களும் உண்டு. ஆகவே தத்தெடுத்த சேவையில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது டெலீட்டைத்தான், லேபில், டிரை ரன்னில். உருவாக்குவதும் மாற்றுவதும் சரியாக வருகிறது என்பதை வைத்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

டிரை ரன் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது

ஒரு விபிஎன் வாடிக்கையாளரின் வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200 ஆக உயர்த்த வேண்டும். டிரை ரன் கொடுக்கிறீர்கள். பிளஸ் குறியோடு 200 எம்பிபிஎஸ் பாலிசர், மைனஸ் குறியோடு பழைய 100. நாம் எதிர்பார்த்தது இந்த இரண்டு வரிதான், கண்ணும் அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னும் நாற்பது வரி கீழே, அதே விஆர்எஃப்பில், 198.51.100.0/24-க்கான ஸ்டேடிக் ரூட் மைனஸ் குறியோடு இருக்கிறது. அந்தப் பகுதியை டெம்ப்ளேட் (கமாண்டுகளை உருவாக்கும் அச்சு) ‘சேர்’ என்று அனுப்பாமல் ‘முழுவதும் மாற்று’ என்று அனுப்புவதால் வந்த வினை. நெட்கான்ஃபில் (ரவுட்டரின் கான்ஃபிக்கை மாற்றப் பயன்படும் நெறிமுறை) எந்த வகை என்று சொல்லாமல் அனுப்பினால், இருப்பதோடு சேர்ப்பதுதான் இயல்புநிலை. மாற்றி எழுதும் வகையை டெம்ப்ளேட் எழுதியவர் தெரிந்தே தேர்ந்தெடுத்திருப்பார். டிரை ரன்னைப் படிக்கும்போது மைனஸ் வரிகளை முதலில் படியுங்கள். வேகத்தை உயர்த்தும் ஒரு மாற்றத்தில் ரூட் ஏன் அழிகிறது என்ற கேள்வி அப்போதே எழும்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் டிரை ரன்னின்போது ரவுட்டரின் நடப்பு கான்ஃபிக்கை எடுத்து ஒப்பிடும். சில, தன்னிடம் உள்ள நகலோடு மட்டும் ஒப்பிடும். நகல் பழையதாக இருந்தால் அந்த மைனஸ் வரி திரையிலேயே வராது, கமிட் மட்டும் நடந்து முடிந்திருக்கும். உங்கள் மென்பொருள் இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் டிரை ரன்னை ஒப்புதலுக்கான ஆதாரமாக டிக்கெட்டில் ஒட்டாதீர்கள். சிங்க் சரிபார்ப்பு, அப்புறம் டிரை ரன், அப்புறம் கமிட். மூன்றுக்கும் நடுவே நீண்ட இடைவெளி வேண்டாம்.

என்ன கமாண்ட் போகும் என்பதைத்தான் டிரை ரன் சொல்கிறது. அது போன பிறகு பிஜிபி (நெட்வொர்க்குகள் பாதைகளைப் பரிமாறும் நெறிமுறை) அண்டை ரவுட்டர் ஏற்றுக்கொள்ளுமா, லைன் கார்டின் (ரவுட்டரில் போர்ட்கள் உள்ள அட்டை) மெமரியில் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. கமாண்டைச் சரிபார்க்கும் கருவியே கோட்டை விடுவதும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சேவைகள் உலகம் முழுக்க நின்றபோது நடந்தது அதுதான். பேக்போனில் (நெட்வொர்க்கின் முதுகெலும்பான மைய இணைப்புகள்) எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கொடுத்த ஒரு கமாண்ட், பேக்போன் இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கமாண்டைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது; அதில் இருந்த பக் காரணமாக அது தடுக்கவில்லை என்று அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்தது.

ரோல்பேக் இருக்கிறதே என்ற தைரியம்

கமிட்டை உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி நெட்கான்ஃபில் பல வருடங்களாக இருக்கிறது. 2011-இல் வந்த அதன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6241-இன்படி, நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 600 நொடி காத்திருக்கும். மென்பொருள்கள் இப்போது இதை ஒரு டிக் பாக்ஸாகத் தருகின்றன. அதை டிக் செய்தாலே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு. பல இடங்களில், ரவுட்டர் ‘சரி’ என்று பதில் சொன்ன அடுத்த நொடியே மென்பொருள் உறுதிப்படுத்தலையும் அனுப்பிவிடும்படி அமைத்திருப்பார்கள். அப்படியென்றால் அந்த 600 நொடிக்கு அர்த்தமே இல்லை. நடுவில் ஒரு சோதனை இருக்க வேண்டும்: பிஜிபி செஷன் எழுந்ததா, எதிர்பார்த்த எண்ணிக்கையில் ரூட்கள் வந்தனவா, வாடிக்கையாளரின் எதிர்முனை பதில் சொல்கிறதா. மூன்றும் சரி என்றால் மட்டும் உறுதி செய்.

இன்னொன்று. உறுதி செய்வதற்கு முன் மென்பொருளுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான செஷன் அறுந்தால், நேரம் முடியும்வரை காத்திராமல் ரவுட்டர் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. தொடர வேண்டும் என்றால் கமிட்டோடு ஓர் அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். இது தெரியாமல், மென்பொருள் சர்வரை நடுவில் ரீஸ்டார்ட் செய்துவிட்டு ‘கான்ஃபிக் தானாக மாறுகிறது’ என்று வெண்டரிடம் டிக்கெட் போடுபவர்கள் உண்டு.

முகவரி ஒதுக்கீடு, டிஎன்எஸ் பதிவு, பில்லிங் இவையெல்லாம் ரவுட்டரின் ரோல்பேக்கோடு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘வெற்றி’ என்ற பச்சை நிறம்

பின்னணியில் ஓடும் கமிட் வரிசை நல்ல வசதி. நூறு ரவுட்டர்களில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தாலும் மற்றவற்றின் வேலை நிற்காது. ஆனால் முன்பு ‘வெற்றி’ என்று திரையில் வந்தால் ரவுட்டர் ஏற்றுக்கொண்டது என்று பொருள். வரிசையை ஆன் செய்த பிறகு அதே சொல், வேலை வரிசையில் சேர்ந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லலாம். ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாக ஆர்டர் அனுப்பும் மற்ற மென்பொருள்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. சேவை ஓடவே தொடங்காத வாடிக்கையாளருக்குப் பில் போய்ச் சேரும். பதிப்பு மாறும்போது திரையை மட்டும் பார்க்காமல், ஏபிஐ திருப்பித் தரும் நிலைகளின் பட்டியலையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

சேவை ஓடுகிறதா என்று பார்க்க வைத்திருக்கும் தானியங்கிச் சோதனையும் பெரும்பாலும் சின்ன பிங்தான் (பதில் வருகிறதா என்று அனுப்பும் சோதனைப் பாக்கெட்). 84 பைட் பாக்கெட் எங்கும் நுழைந்துவிடும். விஎக்ஸ்லேன் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை) 50 பைட் கூடுதலாகச் சேர்ப்பதால், நடுவழியில் எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500-லேயே நின்றிருந்தால் பெரிய பாக்கெட்டுகள் விழும். பிங் பச்சையாகவே இருக்கும். துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1472 பைட் டேட்டா வைத்து பிங் அனுப்பினால் ஐபி அளவில் சரியாக 1500 வரும். சோதனையில் அதைச் சேருங்கள்.

டெலிமெட்ரியில் அதிகம் சொல்ல இல்லை. எல்லாவற்றையும் ஒரு நொடிக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லாதீர்கள். இன்டர்ஃபேஸ் எழுவதும் விழுவதும் மாறும்போது மட்டும் வரட்டும், டிராஃபிக் கவுன்டர் குறித்த இடைவெளியில் வரட்டும். பழைய எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) கவுன்டர்களை இன்னும் வைத்திருந்தால் 64 பிட் கவுன்டரைத்தான் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். 32 பிட் பைட் கவுன்டர், 1 ஜிபிபிஎஸ் லிங்க் நிரம்பி ஓடினால் சுமார் 34 நொடியில் ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் வரும் வரைபடம் வெறும் கற்பனை.

தானியங்கி முகவரி ஒதுக்கீட்டிலும் ஒரே ஒரு எச்சரிக்கை: விடுவித்த முகவரியை உடனே அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். பழைய ஃபயர்வால் விதிகளிலும் டிஎன்எஸ்ஸிலும் அது இன்னும் முந்தைய ஆளின் பெயரில்தான் இருக்கும். சில வாரம் ஓய்வில் இருக்கட்டும்.

இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்ற கணக்கு

கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் 2022 ஜூலை 8 அன்று முடங்கியது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். டிஸ்ட்ரிபியூஷன் ரவுட்டரிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டதும், ரூட்கள் வெள்ளமாகக் கோர் ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் பின்னணிதான். அது ஏழு கட்டங்களாகத் திட்டமிட்ட வேலை. தொடக்கத்தில் ஆபத்து ‘அதிகம்’ என்று மதிப்பிட்டிருந்தார்கள். முந்தைய கட்டங்கள் நல்லபடி முடிந்ததால், ஆறாவது கட்டத்துக்கு ஆபத்து ‘குறைவு’ என்று மதிப்பீட்டு அல்காரிதம் இறக்கிவிட்டது. விழுந்தது அந்த ஆறாவது கட்டத்தில்.

மாற்றங்களைத் தானே மதிப்பிட்டு, ஆபத்து குறைந்தவற்றைத் தானே ஒப்புதல் கொடுத்து ஓட்டும் வசதி இப்போது பரவி வருகிறது. அது எதை வைத்து மதிப்பிடுகிறது என்று கேளுங்கள். முன்பு எத்தனை முறை நன்றாக முடிந்தது என்பதை மட்டும் வைத்தென்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்த மாற்றம் தப்பினால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். கோர் ரவுட்டரையோ பிஜிபி வடிகட்டியையோ தொடும் எதுவும், அல்காரிதம் என்ன சொன்னாலும், ஒரு மனிதரின் பார்வைக்கு வந்தே ஆக வேண்டும் என்று கறாராக எழுதி வையுங்கள்.

ரோஜர்ஸில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. நிர்வாக நெட்வொர்க்கும் அதே ஐபி கோரை நம்பி இருந்ததால், சரிசெய்ய உள்ளே போகவும் வழியில்லை. உங்கள் ப்ரொவிஷனிங் சர்வர் (சேவைகளைத் திறக்கும் மென்பொருள் ஓடும் இடம்) ரவுட்டர்களை எந்தப் பாதையில் அடைகிறது என்று வரைந்து பாருங்கள். தான் மாற்றும் லிங்க் வழியாகவே போகிறது என்றால், ரோல்பேக் கமாண்ட் போய்ச் சேராது.

அப்கிரேடு அன்று

மென்பொருளின் பதிப்பையும் ரவுட்டரின் ஓஎஸ்ஸையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். யாங் மாடல்களின் (கான்ஃபிக் எப்படி அமைய வேண்டும் என்று விவரிக்கும் வரையறைகள்) வடிவமும், சொல்லாமல் விட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்புகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அடுத்த நாள் ஏதாவது உடைந்தால் எந்தப் பக்கம் தேடுவது என்றே தெரியாது. அப்கிரேடு முடிந்ததும் எந்த மாற்றமும் கொடுக்காமல் எல்லாச் சேவைகளுக்கும் ஒரு டிரை ரன் ஓட்டுங்கள். காலியாக வர வேண்டும். காலியாக வராத சேவைகள்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

பேக்கப்பை மீட்டால் பழைய நிலை வந்துவிடும் என்று எண்ணுவது கடைசித் தவறு. திங்களன்று எடுத்த பேக்கப்பைப் புதன்கிழமை மீட்டால், மென்பொருள் திங்களுக்குப் போய்விடும், நெட்வொர்க் புதனிலேயே இருக்கும். நடுவில் திறந்த சேவைகள் எதுவும் மென்பொருளின் கண்ணில் இருக்காது; அவற்றின் முகவரிகளும் விலான்களும் (நெட்வொர்க்கைப் பிரித்து வைக்கும் எண்கள்) காலியாக இருப்பதாக நினைத்து வேறொருவருக்குக் கொடுக்கும். ஆகவே மீட்ட மென்பொருளை முதலில் படிக்க மட்டும் உரிமையோடு எழுப்புங்கள். ரவுட்டர்களிலிருந்து இழுத்து ஒப்பிட்டு, அந்த இரண்டு நாளின் ஆர்டர்களைத் திரும்பப் பதிந்து, ஒதுக்கீட்டைச் சரிசெய்த பிறகே எழுதும் உரிமையைத் திறக்கலாம்.