லண்டனில் ஸ்கேட்போர்ட்: சவுத்பேங்கைக் கடைசிக்கு வையுங்கள்

லண்டனில் ஸ்கேட் பழக நினைக்கிறவர்கள் பலரும் முதலில் போய் நிற்பது தேம்ஸ் ஓரத்து சவுத்பேங்கில். அரைமணி நேரத்தில் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருவதும் உண்டு. இடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சுற்றுலா வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, இந்தப் பக்கம் நாலைந்து பேர் நாலு திசையில் பாய்ந்துகொண்டிருக்க, நடுவில் நின்று காலால் தள்ளிப் பழகுவது யாருக்கும் வராது.

தொடங்க வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கூடைப்பந்துத் திடலில். தரை வழவழப்பாக, சரிவில்லாமல் இருந்தால் போதும். எந்தக் கால் முன்னால் வருகிறது என்று முதலில் பாருங்கள். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. தள்ள வேண்டியது பின்காலால். முன்காலால் தள்ளிப் பழகிவிட்டால், ஒவ்வொரு தடவையும் போர்டின் மேல் கால்களை மாற்றி வைக்க வேண்டிவரும். ஆறு மாதம் கழித்து அந்தப் பழக்கத்தை உடைப்பது பெரும்பாடு. நேராகத் தள்ளி, உடலைச் சாய்த்துத் திரும்பி, காலை ஊன்றி நிறுத்த வந்துவிட்டால் ஸ்கேட் பார்க்குக்குப் போகலாம்.

போர்டு

சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் மலிவு போர்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, "பிள்ளைக்கு வரவில்லை" என்று சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் ட்ரக் (வீல்களைப் பலகையோடு பிணைக்கும் அச்சுப் பகுதி), சுற்றாத பேரிங் (வீலைச் சுழல வைக்கும் குண்டு வளையம்), வழுக்கும் வீல்: அதில் பெரியவர்களாலும் ஓட்ட முடியாது. டெக்கின், அதாவது ஏறி நிற்கும் பலகையின், ஓரத்தைப் பாருங்கள். மேப்பிள் மரத்தின் 7 அடுக்குகள் கோடு கோடாகத் தெரிய வேண்டும். வீலைத் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் சில வினாடியாவது சுற்ற வேண்டும். சட்டென்று நின்றால் நட்டு அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது பேரிங்கே மோசம். நட்டைக் கால்வாசிச் சுற்று தளர்த்திப் பாருங்கள். எது என்று தெரிந்துவிடும்.

ஸ்கேட் கடைக்குப் போவதில் இன்னொரு லாபம், போர்டை அவர்களே பூட்டித் தருவார்கள். லண்டனில் பெயர்போனது 1986-இல் தொடங்கிய ஸ்லாம் சிட்டி ஸ்கேட்ஸ். முன்பு நீல்ஸ் யார்டில் இருந்தது. அப்போது அதன் நிலவறையில் ரஃப் ட்ரேட் இசைத்தட்டுக் கடை இயங்கியது. எந்தக் கடையானாலும் கேட்க வேண்டியவை இவை.

டெக் அகலம் பெரியவர்களுக்கு 8 முதல் 8.25 அங்குலம், சின்னப் பிள்ளைகளுக்கு 7.25 முதல் 7.5. ட்ரக்கின் அச்சு, முனைக்கு முனை, டெக் அகலத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். பார்க்குக்கு வீல் 52 முதல் 54 மி.மீ., கடினம் 99ஏ (எண் கூடக் கூட வீல் கடினம்). இதே வீலில் லண்டன் நடைபாதைக் கற்கள்மேல் போனால் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். அதனால் 78ஏ மென்வீல் ஒரு செட்டைப் பேரிங்கோடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு நட்டைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம். மென்வீல் பெரும்பாலும் விட்டத்திலும் பெரிது. ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவே ரைசர் என்னும் 1/8 அங்குலத் தட்டை வைக்காவிட்டால், திரும்பும்போது வீல் டெக்கின் அடியில் உரசி நின்றுவிடும். போர்டு நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

கூடவே டி வடிவ ஸ்கேட் டூல் ஒன்று. 3/8 டெக் போல்ட்டுக்கு, 1/2 வீல் நட்டுக்கு, 9/16 ட்ரக்கின் நடு நட்டுக்கு. புது போர்டு திரும்பவில்லை என்றால் அந்த நடு நட்டைக் கால் சுற்று தளர்த்தி, புல்தரையில் ஏறி நின்று சாய்ந்து பார்த்து, மறுபடி கால் சுற்று. ஒரேயடியாகத் தளர்த்தினால் வேகத்தில் முன்பக்கம் நடுங்கும். ஹெல்மெட்டில் ஈஎன் 1078 முத்திரை இருக்கட்டும். மணிக்கட்டுக் காப்பைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். விழும்போது முதலில் ஊன்றுவது கை.

எந்தப் பார்க், எந்த வரிசையில்

மைல் எண்ட் பார்க்கில் உள்ள ஸ்கேட் பார்க் இலவசம். காங்கிரீட் தரை, தாழ்வான திண்ணைகள், சிறு சரிவுகள். தட்டைத் தரையில் பழகியவருக்கு அடுத்த படி இது. முதல் தடவை போர்டைக் கீழே வைக்காமல் கால்மணி நேரம் பாருங்கள். யார் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள் என்பது தரையில் கோடு போட்ட மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கோட்டில் நிற்காதவரை யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

அடுத்து பவுல், அதாவது கிண்ணம் போலக் குழிந்த காங்கிரீட் பள்ளம். ஹாரோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது பக்கத்து வீடு மாதிரி: வீல்ட்ஸ்டோன் பைரன் பார்க்கில், 1978-இல் கட்டிய காங்கிரீட் பார்க். அதே ஆண்டில் வந்தது ஹார்ன்சர்ச்சின் ரோம் (Rom) ஸ்கேட் பார்க். 2014-இல் அதைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்தார்கள். ஐரோப்பாவில் அந்த மதிப்புப் பெற்ற முதல் ஸ்கேட் பார்க் அதுதான். பிரிக்ஸ்டன் அருகே உள்ள ஸ்டாக்வெல்லும் அதே காலத்தது. அலை அலையான காங்கிரீட், விளிம்பில் கோப்பிங் (துருத்தி நிற்கும் குழாய் அல்லது கல் விளிம்பு) கிடையாது. அதனால் சறுக்கி ஏறி இறங்கி வேகம் பிடிக்கப் பழக அருமையான இடம். இந்தப் பழைய பார்க்குகளின் வளைவுகள் இன்றைய பார்க்குகளைப் போல ஒரே சீராக இருக்காது. ஒரு மூலையில் கைவந்தது அடுத்த மூலையில் கவிழ்த்துவிடும்.

விளிம்பிலிருந்து உள்ளே இறங்குவதை இரண்டு மூன்றடி உயரச் சரிவில் பழகுங்கள். டெயிலை, அதாவது போர்டின் பின்முனையை, விளிம்பில் வைத்துப் பின்காலால் அழுத்துங்கள். முன்காலை முன் போல்ட்டுகள்மேல் வைத்து, உடம்பு முழுக்க முன்னால் சாய, ஓங்கி மிதிக்க வேண்டும். பாதி மனதோடு மிதிப்பதுதான் விழ வைக்கிறது. பயத்தில் உடம்பு பின்னுக்கு இழுக்கும், போர்டு முன்னால் பாய்ந்துவிடும், நீங்கள் புட்டத்தில் உட்காருவீர்கள்.

பவுலின் அடியில் இலையும் சரளையும் சேரும். கடினமான 52 மி.மீ. வீலுக்கு ஒரு பட்டாணி அளவுக் கல்லே போதும்; அப்படியே நின்றுவிடும். காலையில் துடைப்பத்தோடு இறங்கிக் கூட்டுகிறவரைப் பார்த்தால் வாங்கிக் கூட்டுங்கள். அறிமுகத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

முறை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இருக்கிறது. விளிம்பில் டெயிலை வைத்து நிற்கிறவர் "அடுத்தது நான்" என்கிறார். அவருக்கு முன்னால் இறங்குவதை ஸ்னேக் பண்ணுவது என்பார்கள், மன்னிக்கப்படாத குற்றம். நல்ல ட்ரிக்கைப் பார்த்தால் கை தட்டுவதில்லை, போர்டின் டெயிலைத் தரையில் தட்டுவார்கள். உங்கள் போர்டு கால் நழுவி ஓடினால் "போர்ட்!" என்று கத்திவிடுங்கள். திண்ணையில் மெழுகு தேய்க்கும் முன் அங்கே ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். மெழுகு கூடினால் அடுத்தவர் வழுக்கி விழுவார். பெற்றோர் செய்யும் தவறு ஒன்றுதான்: அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து டீ குடிப்பது.

மழை ஈரத்தில் ஓட்டாதீர்கள். வழுக்குவது ஒரு பக்கம். மரம் ஈரம் குடித்துத் துள்ளலை இழக்கும், பேரிங் துருப்பிடிக்கும். நனைந்துவிட்டால் பேரிங்கைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி, நன்கு உலர்த்தி, ஸ்கேட் எண்ணெய் 2 சொட்டு விடுங்கள். துருநீக்கி ஸ்ப்ரே மட்டும் அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும். மழைக்காலத்துக்கு வெஸ்ட்வே மேம்பாலத்தின் கீழ் பே சிக்ஸ்டி சிக்ஸ் இருக்கிறது, கட்டணம் உண்டு.

கடைசியாக சவுத்பேங்க்

சவுத்பேங்கில் உள்ள குயின் எலிசபெத் ஹால் என்னும் இசையரங்கம் 1967-இல் திறந்தது. அதன் அடித்தளத்தில் 70-களின் தொடக்கத்திலிருந்தே ஸ்கேட் ஓடுகிறது. 2013-இல் அங்கே கடைகளும் உணவகங்களும் கட்டி, ஸ்கேட்டர்களைப் பக்கத்து ஹங்கர்ஃபோர்ட் பாலத்தடிக்கு மாற்றத் திட்டம் போட்டார்கள். ஓட்டுகிறவர்கள் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிப் போராடினார்கள். 2014 செப்டம்பரில் இடம் அவர்களுக்கே என்று ஒப்பந்தம் ஆனது. அடைத்து வைத்திருந்த ஒரு பகுதியும் 2019-இல் மீண்டும் திறந்தது. அங்குள்ள பழைய ஆட்கள் ஒவ்வொரு கல்லையும் சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

வாட்டர்லூவில் இறங்கி நடக்கும் தூரம். வார நாள் காலையில் போங்கள். ஓரத்துச் சின்னச் சரிவில் ஏறி இறங்கித் திரும்பப் பழகுங்கள், தூண்களைக் கவனியுங்கள். மேலே கூரை இருப்பதால் மழையிலும் தரை காய்ந்தே கிடக்கும். அதற்காக மழைநாள் பார்த்துப் போகாதீர்கள். அன்றைக்கு லண்டன் ஸ்கேட்டர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.